கல் மேல் நின்ற சிவப்பு வண்டி

மூன்றாம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வராமல் போன ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், என் வீட்டு வாசலில் நின்றிருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்குள் மழை பெய்தது. வெளியே பெய்யவில்லை. வெளியே மேலக்கரிசல் ஊருக்கு வழக்கமான வெயில், எட்டு மணிக்கே தாரை இளக்கிவிடும் வெயில், மின்கம்பத்துக் காகம் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்த வெயில். உள்ளே, மடக்கு துணிக்கூரைக்குக் கீழே, இரண்டே இரண்டு இருக்கைகளுக்கும் ஒரு ஸ்டியரிங்குக்கும் மேலே, ஐப்பசி மாதத்து அடைமழை சாய்ந்தும் நேராகவும், கண்ணாடியில் வழிந்தும் கியர் கம்பியில் தெறித்தும், எந்த அவசரமும் இல்லாமல் பெய்துகொண்டிருந்தது.

எதிர்வீட்டு ராமுத்தாய் அக்கா என் கேட்டைத் தட்டினார்.

"சார், ஒங்க வண்டிக்குள்ள தண்ணி வீணாப் போகுது. நீங்க பிடிச்சுக்கிடுவீகளா, இல்ல நான் கொடத்தக் கொண்டாரவா?"

அதிசயத்தைக் கண்டவர்கள் முதலில் என்ன கேட்பார்கள் என்று நான் தமிழிலும் படித்திருக்கிறேன், ஆங்கிலத்திலும் படித்திருக்கிறேன். இரண்டிலும் இந்தக் கேள்வி வந்ததாக ஞாபகம் இல்லை. "நீங்களே கொண்டுவாங்க அக்கா" என்றேன். வேறு என்ன சொல்ல?

இந்த வண்டி என்னிடம் வந்து சேர்ந்த கதையை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அதில் மழையைவிட நம்பமுடியாத விஷயங்கள் இருக்கின்றன. சிங்கப்பூரில் இருபது வருடங்களுக்கு மேல் இருந்தேன். அங்கே கார் வைத்திருப்பதற்கு அனுமதி வாங்கும் காசில் மேலக்கரிசலில் வீடு வாங்கி, அதைப் பார்த்துப் பொறாமைப்பட நாலு சொந்தக்காரர்களையும் வாங்கிவிடலாம் என்பதால், அத்தனை வருடமும் பேருந்தில் நின்றுகொண்டும் ரயிலில் தூங்கிக்கொண்டும் போய்வந்தேன், அத்தனை வருடமும் ஜன்னல் வழியாகத் தாழ்ந்து போகும் சிவப்பு வண்டிகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிறகு கம்பெனியில் ஆட்குறைப்பு என்ற சொல்லைச் சொல்லாமலேயே எனக்கு ஒரு கேக் வெட்டினார்கள். கேக்கைத் தின்றுவிட்டு, சங்கரன்கோவிலில் பிறந்து என்னோடு கடல் கடந்து வந்த என் மனைவி கோமதியையும் கூட்டிக்கொண்டு, நாற்பத்தெட்டாவது வயதில், அப்பா வேலை பார்த்த நூல்மில்லின் காலனியில் ஒரு மூலை வீட்டை வாங்கிக் குடிவந்தேன். வந்த கையோடு கார் வாங்கினேன்.

விற்றவர் கொடைக்கானலில் ஒரு பல் மருத்துவர். "சின்னச் சின்ன வேலைதான் இருக்கு, மத்தபடி ஆசைப்பட்டு வச்சிருந்த வண்டி" என்றார். வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு, பல் பிடுங்கும் இடுக்கியைப் பின்னால் மறைத்துக்கொண்டு, 'லேசா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்' என்பார்களே, அதே குரல். எந்த நாட்டு வண்டி, எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன், செய்தவர்கள்மேல் தவறில்லை. அவர்கள் அதை இளைஞர்களுக்காக, வழுவழுப்பான சாலைகளுக்காக, மாற்று உதிரிபாகங்கள் கிடைக்கும் தேசத்துக்காகச் செய்திருந்தார்கள்.

மலையிலிருந்து இறங்கும்போதே கிளட்ச் கருகியது. சமவெளிக்கு வந்ததும் ரேடியேட்டர் குழாய் வெடித்தது. தெருமுனை வேகத்தடையில் வயிறு தட்டி, புகைக்குழாய் தனியாகவும் வண்டி தனியாகவும் காலனிக்குள் நுழைந்தன. இரவில் மட்டும் மேலெழும்பும் வகை முகப்பு விளக்குகள் அதற்கு. அவற்றில் இடதுபக்கத்து விளக்கு எழும்ப மறுத்ததால், முதல்நாள் முதலே என் வண்டி தெருவைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டு நின்றது. ஹார்ன் அழுத்தினால் சத்தம் வராது; அழுத்தாதபோது வரும்.

ஊரில் இதையெல்லாம் தொடும் துணிச்சல் அல்போன்ஸுக்கு மட்டும்தான் இருந்தது. தீப்பெட்டி ஆபீஸ்களின் லோடு ஆட்டோக்களைப் பார்க்கும் மெக்கானிக். எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்வதில்லை என்பதை ஒரு விரதம்போல் கடைப்பிடித்தான்.

"சார், இத வண்டின்னு நெனைக்காதீங்க. கைக்கொழந்தைன்னு நெனைங்க" என்றான்.

"கைக்கொழந்த வளந்துரும்ல?"

"வளராத கொழந்த சார். அதான் விசேஷம்."

ஒவ்வொரு முறை அவன் பில் சொல்லும்போதும் ராமுத்தாய் அக்கா தன் வீட்டுப் படியிலிருந்து அதைத் தெருவுக்குப் புரியும் காசில் மாற்றிச் சொல்வார். கிளட்ச் என்றால் இரண்டு சினை ஆடும் ஒரு பீரோவும். ரேடியேட்டர் என்றால் ஒரு காதுகுத்து, கறிச்சாப்பாடு இல்லாமல். ஹெட் கேஸ்கட் என்று அல்போன்ஸ் சொன்ன அன்றைக்கு மட்டும் அக்கா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது ஒரு பொண்ணக் கட்டிக்குடுக்கிற காசுல்ல" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அப்படி ஒரு நாளில்தான் அல்போன்ஸ் துணிக்கூரையின் இரண்டு ஓரங்களிலும் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டைகள் இருப்பதைக் கண்டுபிடித்தான்.

"இது என்னத்துக்கு சார்?"

"மழைத்தண்ணி வடியறதுக்கு. கூரையிலிருந்து கீழே ஒரு குழாய் போகுது பாரு."

அவன் என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "மழைக்கா? நம்ம ஊர்லயா? எலி பூந்துரும் சார்" என்று சொல்லி, எம்-சீலைப் பிசைந்து உருட்டி, இரண்டு ஓட்டைகளையும் நிரந்தரமாக அடைத்தான். மழையைக் கண்ட எந்த ஊர்க்காரனும் அந்தக் காரியத்தைச் செய்திருக்க மாட்டான். பக்கத்தில் நின்று தலையாட்டிய நானும் மழை காணாத ஊர்க்காரன்தான் என்பது எனக்கு ஒருவகையில் பெருமையாகக்கூட இருந்தது.

ஏனென்றால் தெரு அப்படி நினைக்கவில்லை. பங்குனிப் பொங்கலுக்கு மாரியம்மன் கோவில் தலைக்கட்டு வரி பிரிப்பது எங்கள் காலனி வழக்கம். கல்யாணமாகிக் குடித்தனம் நடத்தும் ஒவ்வொரு வீடும் ஒரு தலைக்கட்டு. ஏழையோ பணக்காரரோ, எல்லா வீட்டுக்கும் ஒரே தொகை. ஆண்கள் கையில் கொடுத்த வருடம் அம்மனுக்கு மைக்செட் வராமல் போனதால், பிரிக்கும் பொறுப்பு ராமுத்தாய் அக்காவிடம் வந்திருந்தது. அந்த வருடம் அவர் மஞ்சள் பையோடு வீடுவீடாக வந்தபோது, நான் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, பையில் பணத்தை வைத்துக்கொண்டு, கேட்டருகே செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் நின்றேன். செடி கிடையாது. அக்கா என் வீட்டைத் தாண்டி அடுத்த வீட்டுக்குப் போனார்.

"அக்கா, நம்ம வீட்டுக்கு?"

"ஒங்களுக்கு எதுக்கு சார்? நீங்க விருந்தாளி. பொங்கலுக்கு வந்து சாப்பிட்டுப் போங்க, அது போதும்."

"இல்ல, நானும் தரலாமேன்னு..."

"நன்கொடையாத் தாங்க. போர்டுல பேரு போடுவோம்."

போர்டில் பேர் போட்டார்கள். மேலக்கரிசலில் போர்டில் பேர் உள்ளவர்கள் எல்லாம் வெளியூர்க்காரர்கள். வரி கேட்கப்படாத வீடு என்றால் என்ன என்பதை விளக்குவது கடினம். எல்லோரும் உங்களுக்கு வணக்கம் சொல்வார்கள், யாரும் உங்களிடம் சண்டை போட மாட்டார்கள். அவ்வளவுதான். அது போதும், ஒரு மனிதன் தன் வாசலிலேயே சுற்றுலாப் பயணியாக நிற்க.

இந்த நிலைமையில்தான் மழை பெய்தது.

முதல்நாள் கதவைத் திறந்து சொம்பால் மொண்டார்கள். இரண்டாம்நாள் அல்போன்ஸ் வந்து, தான் அடைத்த எம்-சீலில் ஒருபக்கத்தைத் தானே குடைந்தெடுத்து, கதவுக்குக் கீழே தண்ணீர் வெளியேறும் இடத்தில் ஒரு பித்தளைக் குழாயைப் பொருத்தினான். குழாயைத் திறந்தால் தண்ணீர் வந்தது. ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் அல்லவா, தரையைக் கொஞ்சிக்கொண்டு நிற்கும் வண்டி. குழாய்க்குக் கீழே குடம் என்ன, டம்ளர்கூட நிற்கவில்லை. தெரு யோசித்தது. பிறகு ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியைத் தூக்கி, நாலு மூலைக்கும் நாலு துவைக்கிற கல்லைக் கொண்டுவந்து முட்டுக்கொடுத்தார்கள். யார் வீட்டுக் கல் முன்சக்கரத்துக்கு, யார் வீட்டுக் கல் பின்சக்கரத்துக்கு என்பதில் இரண்டு குடும்பங்கள் ஒரு வாரம் பேசிக்கொள்ளவில்லை. மணிக்கு இருநூறு மைல் என்று வேகமானியில் எழுதியிருந்த வண்டி அப்படித்தான் கல் மேல் ஏறி நின்றது.

தண்ணீர் முதலில் லேசாகத் தோல்வாசனை அடித்தது. பருப்பு வேகும் என்று தெரிந்ததும் யாரும் வாசனையைப் பேசவில்லை. விடிந்ததும் என் வாசலிலிருந்து தெருக்கோடி வரை வரிசை போட்டார்கள், ஆள் நிற்காமல், ஆளுக்குப் பதிலாக ஒரு செங்கல், ஒரு ஒற்றைச் செருப்பு, ஒரு பிடி போன வாளி, ஒரு உடைந்த உரல். எது யாருடையது என்று தெருவுக்கே தெரியும், எதையும் யாரும் நகர்த்துவதில்லை. வண்டிக்காரர் வீடு என்பதால் முதல் குடம் கோமதிக்கு. சிங்கப்பூரில் பக்கத்து வீட்டுக்காரியின் பெயர் தெரியாமல் வாழ்ந்த கோமதி, ஒரே மாதத்தில் யார் மருமகள் யாரோடு பேசுவதில்லை என்பது உட்பட எல்லாவற்றையும் அந்தக் குழாயடியில் தெரிந்துகொண்டு வந்து எனக்குச் சொன்னாள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, என் வண்டியின் கூரை ஒழுகுவதை, அதுவரை என் தூக்கத்தைக் கெடுத்திருக்க வேண்டிய ஒரு பழுதை, ஜமீன்தார்போலப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் பெய்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நாலாம் தெருவின் ஓய்வுபெற்ற அறிவியல் வாத்தியார் மட்டும் வந்து, ஆவியாதல், குளிர்தல் என்று படம் போட்டு விளக்கினார். மரியாதையாகக் கடைசிவரை கேட்டுவிட்டு, "சார்வாள், ஒங்க கொடத்தக் கொண்டாந்தீகளா?" என்றார்கள். கொண்டுவந்திருந்தார். சுகாதார அதிகாரி ஒருவர் வந்து பாட்டிலில் பிடித்துப்போய்ச் சோதித்துவிட்டு, மழைநீர் என்று அறிக்கை தந்தார். அதோடு, காலனியிலேயே மழைநீர் சேகரிப்பு ஒழுங்காகச் செயல்படும் ஒரே வீடு என்று என்னைப் பாராட்டியும் விட்டுப் போனார். வியாபாரம் படுத்துப்போன தண்ணீர் லாரி டிரைவர் சண்டைக்கு வந்தவர், குடித்துப் பார்த்துவிட்டு வீட்டுக்கு ஒரு கேன் பிடித்துப் போனார். பானெட்டில் யாரோ மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார்கள். அல்போன்ஸ் பின்பக்கம் ஒரு மாதா படம் ஒட்டினான். இரண்டுக்கும் சேர்த்து வண்டி ஒற்றைக்கண்ணைச் சிமிட்டியது.

எல்லாம் இப்படியே போயிருக்கும், எனக்குள் அந்தச் சிங்கப்பூர்ப் பேருந்து ஜன்னல் இல்லாமல் இருந்திருந்தால்.

அந்த வண்டியை நான் ஒருமுறைகூட ஆசைதீர ஓட்டியதில்லை. தள்ளியிருக்கிறேன், கட்டி இழுத்துவந்திருக்கிறேன், அதற்குள் உட்கார்ந்து இன்ஷூரன்ஸ் தாள்களைப் படித்திருக்கிறேன். ஊருக்கு வெளியே நாலுவழிச் சாலை நீளமாக, கறுப்பாக, வளைவே இல்லாமல் கிடந்தது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, கூரையை மடக்கிவிட்டு அதில் போக வேண்டும். அப்போதுதான் நான் திரும்பி வந்தது எதற்காவது என்று ஆகும். அதனால் கல் மேல் நிற்கும்போதே கொஞ்சங்கொஞ்சமாகப் பழுது பார்க்கலாம் என்று அல்போன்ஸிடம் சொன்னேன்.

ஹார்னைச் சரிசெய்த அன்று, மழையோடு உள்ளே அடிக்கடி கேட்ட இடி நின்றுபோனது. பிள்ளைகள் வருத்தப்பட்டார்கள், பெரியவர்கள் கவனிக்கவில்லை. ரேடியேட்டர் குழாயை மாற்றியதும் அடைமழை தூறலாயிற்று. இடதுகண்ணைத் திறந்துவைத்த அன்று குழாயில் தண்ணீர் நூல்போல இறங்கியது. தெருவே அரைக்குடத்தோடு வீடு திரும்பியது. அன்றைக்கு மாலையே ரேஷன் கடை வாசலில் கூட்டம் போட்டார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், நாற்காலி போட்டார்கள். மற்ற எல்லோரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

"சார், ஒளிக்காமச் சொல்றேன்" என்றார் ராமுத்தாய் அக்கா. "வண்டிய நீங்க நல்லாக்க நல்லாக்க மழ கொறையுது. என்னென்ன ரிப்பேர் பாக்கலாம், எத அப்படியே விடணும்னு ஒரு முடிவுக்கு வருவோம்."

இப்படியாக, மாநிலத்திலேயே முதன்முறையாக, ஒரு தெரு கூடி ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பழுதுகளை ஒவ்வொன்றாக எடுத்து விவாதித்தது. கிளட்ச் கருகியே இருக்கட்டும். கண்ணாடி மோட்டாரைத் தொட வேண்டாம். ஹெட் கேஸ்கட் என்றதும் பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து, "அது கசிஞ்சாத்தான் மழைக்கு ஈரம்" என்று, அது என்னவென்றே தெரியாமல், உருக்கமாகப் பேசி உட்கார்ந்தார். ஹார்னை மறுபடி கெடுத்துவிடலாம் என்று பிள்ளைகள் சார்பில் ஒரு கோரிக்கை வந்தது. அல்போன்ஸ் ஓரத்தில் நின்று, தன் வருமானம் ஏகமனதாகக் கொல்லப்படுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆனா அது என் வண்டிதானே?" என்றேன்.

தரையிலிருந்து எல்லோரும் என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். நான் நாற்காலியில் இருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது.

"ஆமா சார்" என்றார் அக்கா. "ஒங்க வண்டி. ஒங்க இஷ்டம்."

எங்கள் பக்கத்தில் ஒருவரைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதற்கு இதைவிட மரியாதையான சொல் கிடையாது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோமதி எனக்கு முன்னால் நடந்தாள். வந்தபிறகு, "முதக் கொடம் எனக்கு வேண்டாம்னு நாளைக்குச் சொல்லிரட்டா?" என்று மட்டும் கேட்டாள். எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் செலவு செய்கிறவன். எஃப்.சி.க்கு, வண்டியின் தகுதிச் சோதனைக்கு, காட்ட வேண்டும் என்று தெருவிடம் சொல்லி, வண்டியைக் கல்லிலிருந்து இறக்கி, பித்தளைக் குழாயைக் கழற்றி, அல்போன்ஸ் பட்டறைக்கு இழுத்துக்கொண்டுபோய், எல்லாவற்றையும் மாற்று என்றேன். ஆடுகள், பீரோக்கள், காதுகுத்துகள், ஒரு பெண்ணின் கல்யாணம், எல்லாம் அந்த எஞ்சினுக்குள் போயின. கேக் வெட்டி அனுப்பியபோது கம்பெனி கொடுத்த பணத்தில் மிச்சமிருந்ததும் போயிற்று. கடைசியில் ஒரு மத்தியான வேளையில் அல்போன்ஸ் சாவியைத் திருப்பினான். வண்டி உறுமியது. அவனே பயந்துபோய் ஒரு எட்டு பின்னால் நகர்ந்தான்.

"சார், ஓடுது" என்றான், யாரோ செய்த தவறைச் சொல்வதுபோல.

நாலுவழிச் சாலையில் போனேன். கூரையை மடக்கிப் போனேன். உள்ளே ஒரு சொட்டு இல்லை. மெத்தைகூடக் காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடக்க, வேலிக்கருவைகள் பின்னால் ஓட, காற்று என் முடியை, இருக்கிற முடியை, பின்னுக்குத் தள்ள, ஒரு வைக்கோல் லாரியை முந்தினேன், ஒரு அரசுப் பேருந்தை முந்தினேன். பேருந்து ஜன்னலில் தலைசாய்த்து ஒருவன் என்னைப் பார்த்தான். அவனைத்தான் எனக்கு நன்றாகத் தெரியும். சுங்கச்சாவடியில், வண்டி தாழ்ந்திருந்ததால் உள்ளேயிருந்த பெண்ணுக்கு நான் தெரியவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து நீட்டுவதுபோல் கையை உயர்த்திப் பணம் கொடுத்தேன். "எங்க சார் போறீங்க?" என்று கேட்டாள், ஒருபக்கமா, போய்வரவா என்று தெரிந்துகொள்ள.  சாவடியைத் தாண்டிப் போவதற்கு எனக்கு ஒரு இடமும் இல்லை, அங்கே என்னை எதிர்பார்த்து ஒரு ஆளும் இல்லை. திரும்பி வந்தேன்.

தெருவில் நாலு கற்களும் அப்படியே இருந்தன. செங்கல், செருப்பு, வாளி, உரல் எல்லாம் வரிசையில் அப்படியே இருந்தன, இல்லாத வண்டியைப் பார்த்தபடி. ஆட்கள் லாரிக்குப் போயிருந்தார்கள். ஒருவரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. எதிரே வந்தவர்கள் எல்லாம் "வணக்கம் சார்" என்றார்கள். கோமதி லாரித் தண்ணீரோடு, வரிசையில் கடைசி ஆளாக நின்று பிடித்த கலங்கல் தண்ணீரோடு வந்து, குடத்தை இறக்கினாள்.

"வண்டி நல்லா ஓடுச்சா?"

"ஓடுச்சு."

"சந்தோஷம்" என்றாள், குடத்தை மூடுவதுபோல.

பழுதே இல்லாத அந்த வண்டி வாசலில் நிற்க நிற்க எனக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு காலையில் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தேன். இரண்டு மொழிகளில் படித்தவன், இரண்டு நாடுகளில் வேலை பார்த்தவன், எதைக் கழற்றினால் கெடும் என்று தெரியாமல் நின்றேன். ராமுத்தாய் அக்கா லாரிக்குப் போகிற வழியில் குடத்தோடு நின்றுவிட்டார்.

"என்ன சார் தேடுறீக?"

"ஏதாவது ஒண்ண ஒடைக்கலாம்னு பாக்கேன்."

என்னைப் பார்த்தார், ஸ்பேனரைப் பார்த்தார், நான் அதைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைப் பார்த்தார். பிறகு குடத்தைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்துச் சிரித்தார். அந்தத் தெருவில் என்னைப் பார்த்து ஒருவர் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல்முறை.

"ஒடைக்கிறதுக்கு நீங்க எதுக்கு? யாரு பாத்த வேல இது?"

"அல்போன்ஸ்."

"அப்புறம் என்ன? நாலு நாளு பொறுங்க."

நாலு நாள்கூட ஆகவில்லை. வெள்ளிக்கிழமை காலை ரேடியேட்டர் குழாய் தானாகவே விசிலடித்தது. மத்தியானம், அல்போன்ஸ் திறந்துவைத்திருந்த இடதுபக்க விளக்கு யோசித்து யோசித்துக் கீழே இறங்கி மூடிக்கொண்டது. பழுதாகாத பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒன்று உலகத்தில் இல்லை என்பதை நான் எத்தனை பில்லில் படித்தும் நம்பாமல் இருந்திருக்கிறேன். பொழுது சாயும் நேரத்தில், யாரும் தொடாமல், ஹார்ன் ஒருமுறை அலறியது. உடனே உள்ளே இடி இடித்தது. பிள்ளைகள் ஓடிவந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டார்கள். துணிக்கூரையிலிருந்து ஒரு சொட்டு ஸ்டியரிங்கில் விழுந்தது, பிறகு இன்னொன்று, பிறகு கணக்கில்லை.

தெரு ஓடிவந்தது. "ஏலேய், கல்ல நகத்தாத, அது எங்க வீட்டுக் கல்லு" என்ற சத்தத்தோடு வண்டி மறுபடி கல் மேல் ஏறியது. பித்தளைக் குழாயோடு வந்த அல்போன்ஸை யாரோ தோளில் தட்டி, "ஒன் வேலைய நம்புனோம், நீ கைவிடல" என்றார்கள். அவன் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு, நெஞ்சில் கைவைத்துத் தலைகுனிந்தான்.

ஆனால் மழை இரும்பை விடுமா? ஆடி பிறப்பதற்குள் வண்டியின் அடித்தகடு துருவேறி, பொத்துப்போய், தண்ணீர் குழாய்க்கு வராமல் கீழே கற்களுக்கு நடுவில் ஒழுக ஆரம்பித்தது. அல்போன்ஸ் குனிந்து பார்த்து, புதுத்தகடு வெட்டி வெல்டு வைக்க வேண்டும் என்று தொகையைச் சொன்னான். அக்கா வழக்கம்போல் அதை மாற்றினார்: ஒரு காளைக்கன்று, கயிறோடு. கம்பெனிப் பணம் தீர்ந்துபோயிருந்தது. தீராவிட்டாலும், இதைச் சரிசெய்தால் மழை நின்றுவிடுமோ என்று எனக்குப் பயம். தெருவிலும் அந்தப் பேச்சு ஓடியது.

"வண்டியச் சரிபண்ணாத்தான மழ கொறையும்?" என்று ராமுத்தாய் அக்கா தீர்ப்புச் சொன்னதாகக் கோமதி வந்து சொன்னாள். "இது வண்டியில்லையாம். ஓட்டக் கொடமாம். கொடத்த அடைக்கிறதுக்கு மழ ஏன் கோவிக்கப்போகுதுன்னு கேக்காக."

அடுத்தநாள் காலை, மஞ்சள் பையோடு அக்கா தெருவின் முதல் வீட்டில் நிற்பது என் ஜன்னல் வழியாகத் தெரிந்தது. நான் இந்த முறை கேட்டுக்குப் போகவில்லை. துவைத்த சட்டை போடவில்லை. ஒருமுறை கடந்துபோகப்பட்டவனுக்கு வெட்கம் தெரியும். உள்ளே போய், சமையலறையில், எதற்கென்று தெரியாமல் வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வீட்டுக் கேட்டும் கிறீச்சிட்டுத் திறந்து மூடுவது கேட்டது. பக்கத்து வீட்டுக் கேட் மூடியது. பிறகு என் கேட்டை அடித்தார், தட்டவில்லை, அடித்தார்.

"உள்ள யாரு? எவ்வளவு நேரம் நிக்கிறது? வரிய எடுங்க."

கையில் வெங்காயத்தோடு வெளியே வந்தேன்.

"எதுக்கு அக்கா?"

"எதுக்கா? தகடு மாத்தணுமே, தெரியாத மாதிரி கேக்குறீக. தலைக்கட்டு வரி."

"ஆனா இது என் வண்டி. இதுவரைக்கும் எல்லா ரிப்பேரும் நான்தான் முழுசா..."

"யாரு இல்லன்னா? வண்டி ஒங்களுதுதான். கொடம் தெருவோடது. அதுக்காக ஒங்களுக்கு மட்டும் வரி இல்லன்னு விடமுடியுமா? நாளைக்கு நாலு பேரு என்னக் கேப்பாக. எடுங்க தம்பி, வெயிலு மண்டையப் பொளக்குது."

தம்பி என்றார். நான் அதைக் கவனிக்காததுபோல் சட்டைப் பையைத் தடவினேன். வெங்காயம் உரித்த கை, கண்ணுக்குப் போயிருக்கக் கூடாது, போய்விட்டது.

"எவ்வளவு அக்கா?"

"எல்லாருக்கும் உள்ளதுதான்."

வாங்கி எண்ணிப் பையில் போட்டுக்கொண்டு, நகர்ந்தவர் திரும்பினார். "இன்னொண்ணு. வரி குடுக்கிற வீட்டுக்கு முதக் கொடம்னு ஒரு சட்டமும் கெடையாது. ஊரே வரிசையில நிக்கிறப்ப ஒங்க வீடு மட்டும் என்ன ஒசத்தி? கோமதிகிட்டச் சொல்லிருங்க, நாளையிலருந்து அடையாளம் போட்டுத்தான் வரணும்."

கோமதி உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். நான் திரும்பியபோது, கொல்லைப்புறம் போய், அல்போன்ஸ் கழற்றிப்போட்ட பழைய கிளட்ச் தட்டை, இரண்டு சினை ஆடும் ஒரு பீரோவும் பெறுமான கருகிய தட்டை, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டு தெருவில் நடந்தேன். என் வண்டியைத் தாண்டி, செங்கல்லைத் தாண்டி, ஒற்றைச் செருப்பைத் தாண்டி, வாளியையும் உரலையும் தாண்டி, வரிசை முடிவதாக நான் நினைத்த இடத்துக்குப் போய், அதைக் கீழே வைத்தேன்.

"ஏங்க, அங்கிட்டு எங்க வைக்கிறீக?" என்று ஒரு வீட்டுக்குள்ளிருந்து பெண்குரல் ஒன்று கத்தியது. "எங்க தட்டுக்கூடைக்கு முன்னாடி வருது பாருங்க. பின்னால தள்ளி வைங்க!"

தள்ளி வைத்தேன்.